90-லேயே நிற்பதா, 1 மீட்டருக்கு ஏறுவதா?

குதிரையில் தடை தாண்டும் அடுத்த போட்டிக்கு இன்னும் பதினோரு வாரம் இருக்கிறது. படிவத்தில் தடையின் உயரம் 90 சென்டிமீட்டருக்கு எதிரே குறி போடுவதா, 1 மீட்டருக்கு எதிரே போடுவதா என்று ஒரு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். "அரைச் சாண்கூட இல்ல, அதுக்கா இவ்வளவு யோசனை?" என்று வீட்டில் கேட்கிறார்கள். உயரத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் கேட்பது நியாயம்தான்.

என் நிலைமையை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த முடிவு ஆளுக்கு ஆள் மாறும், ஊருக்கு ஊரும் மாறும். எனக்கு வயது 41. வேலை ராமநாதபுரத்தில், குதிரை உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஒரு பனந்தோப்பில். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த தரோபிரெட் இனக் குதிரை. காகிதத்தில் அவனுக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு, தோப்பில் ராசு. தோப்பு மணல் மேல் இரண்டு டிராக்டர் கண்மாய் வண்டலைக் கொட்டிக் கலந்து இறுக்கியதுதான் மைதானம். சவுக்குக் கட்டைகளுக்குச் சிவப்பும் வெள்ளையும் பூசியதுதான் தடைகள். பாண்டியர் காலத்தில் அரபுக் குதிரைகள் வந்திறங்கிய கரை என்று பெருமை பேசிக்கொள்ளலாம். இன்றைக்கு இந்தப் பக்கம் கட்டை தாண்டும் குதிரை வேறொன்றை நான் பார்த்ததில்லை. இங்கே குதிரை என்றால் ரேக்ளா வண்டியில் பூட்டும் குதிரைதான்.

இதனால் என்ன ஆகிறது என்றால், போட்டி என்று ஒன்றுக்குப் போக வேண்டுமானால் லாரி பிடிக்க வேண்டும். சென்னையும் பெங்களூரும் ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். கோவை கொஞ்சம் பக்கம். வருஷத்துக்கு மூன்று போட்டிக்குப் போய்வந்தாலே பெரிது. "தொடர்ந்து மூன்று போட்டியில் ஒரு கட்டையும் விழாமல் முடித்தால் அடுத்த உயரத்துக்குப் போ" என்று ஒரு விதி பொதுவாகச் சொல்லப்படுவதுண்டு. வாராவாரம் போட்டி நடக்கும் ஊர்க்காரருக்கு அது ஒரு மாதக் கணக்கு. எனக்கு அது ஒரு வருஷம். அதேபோல ஒரு தப்பான முடிவைச் சரிசெய்யவும் எனக்கு அடுத்த வாரம் கிடைக்காது.

சரி, அந்தப் பத்து சென்டிமீட்டரில் அப்படி என்னதான் மாறுகிறது?

உயரம் மாறுவதைக் குதிரை பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. நல்ல காலும் முதுகும் உள்ள தரோபிரெட்டுக்கு 1 மீட்டர் ஒரு விஷயமே இல்லை. மாறுவது மற்றதெல்லாம். இரட்டைக் கட்டையான ஆக்ஸர் அகலமாகும். அடுத்தடுத்து நெருக்கி வைத்த தடைகளான காம்பினேஷனில், இரண்டு தடைகளுக்கு நடுவே குதிரை ஒரே ஓர் எட்டு (பாய்ச்சலில் ஒரு கவடு) மட்டும் வைக்கும் இடங்கள் வரும். வேகமும் கூடும். 1 மீட்டர் கோர்ஸில், அதாவது தடைகளை வரிசையாக வைத்த பாதையில், நிமிடத்துக்கு 350 மீட்டர் வேகம் சாதாரணம். அதற்குக் கீழே 325 வைத்தார்கள் என்றால், 400 மீட்டர் நீளமுள்ள கோர்ஸுக்கு 74 வினாடி கிடைக்கும். 350-ல் அதுவே 69 வினாடி. ஐந்து வினாடிதான். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கடிவாளத்தைப் பிடித்து நிதானித்துக்கொள்ளும் என்னைப் போன்றவனுக்கு அந்த ஐந்து வினாடிதான் மூச்சுவிடும் நேரம்.

இதைவிட முக்கியம் எட்டின் நீளம். இதைத் தெரிந்துகொள்ள எங்கள் கரையில் ஒரு வசதி இருக்கிறது. உச்சிப்புளிக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் இரைந்துகொண்டிருக்கும், பெண் கடல் குளம் மாதிரிக் கிடக்கும். நீர் வற்றிய நேரத்தில் அந்தப் பக்கம் ஈரமண் தட்டையாக இறுகியிருக்கும். ஒரு நாள் விடியற்காலையில் ராசுவை அங்கே கேன்டரில் (மிதமான பாய்ச்சலில்) விட்டு, பிறகு இறங்கிவந்து டேப்பை வைத்துக் குளம்புத் தடத்தை அளந்தோம். வலது முன்னங்கால் பதிந்த இடத்திலிருந்து அதே கால் அடுத்துப் பதிந்த இடம் வரைக்கும். அவன் இஷ்டத்துக்கு விட்டால் 3.2 மீட்டர். நான் காலை அழுத்திக் கேட்டால் 3.6.

கோர்ஸ் அமைப்பவர்கள் கணக்குப் போடுவது 3.6-ஐ வைத்துத்தான். தாண்டி இறங்க 1.8 மீட்டர், நான்கு எட்டுக்கு 14.4, அடுத்த தடைக்கு எழும்ப 1.8, ஆக மொத்தம் 18 மீட்டர். ராசு தன் சோம்பல் எட்டில் நான்கு போட்டால், தடைக்கு இன்னும் 3.4 மீட்டர் இருக்கும்போதே தாவ வேண்டி வரும். ஐந்தாவது எட்டையும் போட்டுவிட்டால் தடைக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சாண்தான் மிச்சம். 90-ல் இந்த இரண்டு தப்புக்குமே மன்னிப்பு உண்டு. தூரத்திலிருந்து தாவினாலும் நீட்டிப் பிடித்துக் கடந்துவிடுவான். ஒட்டிப்போய் நின்றாலும் ஆடு மாதிரி நேராக எழும்பி அந்தப் பக்கம் குதித்துவிடுவான். 1 மீட்டர் ஆக்ஸரில் இதே தப்புக்கு ஒரு கட்டையாவது விழும், இல்லையென்றால் நின்றுவிடுவான். வீட்டில் கேட்ட அரைச் சாண் கேள்விக்கு என் பதில் அந்த டேப்பில்தான் இருந்தது.

இனி எனக்கு முன்னால் இருக்கும் வழிகளைப் பார்க்கலாம்.

முதல் வழி, அடுத்த போட்டியிலேயே நேராக 1 மீட்டர். இதைச் சொல்பவர்களின் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. கீழேயே இருந்தால் பயம் கூடும், மேலே போனால்தான் குதிரையும் ஆளும் விழித்துக்கொள்வார்கள் என்பார்கள். எனக்கு இதில் சொந்த அனுபவம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் இதைத்தான் செய்தேன். 90-ல் ஒரு கட்டையும் விழாமல் இரண்டு கிளியர் ரவுண்டு வந்த தெம்பில் 1 மீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். முதல் ஐந்து தடை எப்படிப் போனது என்றே தெரியவில்லை, அவ்வளவு நன்றாகப் போனது. ஆறாவது, ஒற்றை எட்டுக் காம்பினேஷன். முதல் தடைக்கு வரும்போதே வேகம் செத்துவிட்டது. அதை எப்படியோ தாண்டினான். தாண்டி இறங்கியதுமே இரண்டாவது எட்டாத தூரத்தில் இருப்பது எனக்குத் தெரிந்தது, அவனுக்கும் தெரிந்திருக்கிறது. நின்றுவிட்டான். நான் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினேன். காம்பினேஷனில் நடுவே நின்றால் இரண்டையும் முதலிலிருந்து தாண்ட வேண்டும் என்பது விதி. திருப்பிக்கொண்டு வந்தேன். இந்தத் தடவை முதல் தடையிலேயே நின்றான். முதல் மறுப்புக்கு நான்கு தண்டப் புள்ளி, இரண்டாவதற்கு வெளியே. மணி அடித்துவிட்டார்கள்.

மணி அடித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. அதற்குப் பிறகு நடந்ததுதான் செலவு. ஊருக்குத் திரும்பிய ராசு, இரண்டு சவுக்குக் கட்டைகளை அடுத்தடுத்து வைத்தாலே காதைப் பின்னால் மடக்க ஆரம்பித்தான். 70-க்கு இறங்கி, அங்கிருந்து பழையபடி 90-க்கு வர நான்கு மாதம் ஆனது. தப்பு முழுக்க என்னுடையது. அவன் தாண்டத் தயாராகத்தான் இருந்தான். வேகத்தைக் கொடுக்க வேண்டியவன் நான்.

இரண்டாவது வழி, இந்த வருஷம் முழுக்க 90-லேயே இருப்பது. இதைக் கோழைத்தனம் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் சும்மா இருப்பதற்கும் வேலையாக இருப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 90-ல் பரிசு வாங்கப் பழகிவிட்டால் அது ஒரு சுகம். ஜம்ப்-ஆஃபில், அதாவது சமமாக வந்தவர்களை நேரம் பார்த்துப் பிரிக்கும் கடைசிச் சுற்றில், குறுக்கே வெட்டித் திருப்பி, வினாடியை மிச்சம் பிடித்து, எட்டு எப்படிப் போனாலும் பரவாயில்லை என்று ஓட்டக் கற்றுக்கொள்வோம். அந்தப் பழக்கம் 1 மீட்டரில் உதவாது, உபத்திரவம்தான். 90-லேயே இருப்பதென்றால், 18 மீட்டர் இடைவெளியை ஒவ்வொரு தடவையும் நான்கே எட்டில் முடிக்கிறேனா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, பரிசு வந்தால் வரட்டும் என்று இருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று கேட்டால், பாதி இருக்கிறது.

மூன்றாவதாக, ஒரே போட்டியில் முதல் நாள் 90, மறுநாள் 1 மீட்டர். தூரத்திலிருந்து போகும் எங்களைப் போன்றவர்களுக்கு இதுதான் முதலில் கண்ணில் படும். லாரி வாடகையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் மனசு ஆறும். சென்னைக்குள்ளேயே, பெங்களூருக்குள்ளேயே குதிரை வைத்திருப்பவர்களுக்கு நான் இதைத் தாராளமாகச் சொல்வேன். ஆனால் ஐந்நூறு கிலோமீட்டர் நின்றபடி வந்த குதிரைக்கு இரண்டாம் நாள் கால் எப்படி இருக்கும் என்பதைப் படிவம் நிரப்பும் அன்றைக்கே யாரும் சொல்ல முடியாது. விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன், முழங்காலுக்குக் கீழே பின்பக்கத் தசைநாணை மேலிருந்து கீழே உள்ளங்கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஒரு காலுக்கும் இன்னொன்றுக்கும் சூடு வித்தியாசப்பட்டால் அன்றைக்கு ஓய்வு. எங்கள் ஊர் வெயிலில் இதை எட்டு மணிக்கு மேல் பார்த்துப் பயனில்லை, தொட்டதெல்லாம் சுடும். இதில் இன்னொரு வம்பும் இருக்கிறது. முதல் நாள் கிளியர் வந்துவிட்டால் அந்த உற்சாகத்தில், முதல் நாள் சொதப்பினால் கட்டிய காசு போகிறதே என்ற எரிச்சலில், எப்படியிருந்தாலும் மறுநாள் ஏறத்தான் தோன்றும். முடிவு எடுக்க அது நல்ல நேரம் இல்லை.

வீட்டிலேயே 1.05 வரை தாண்டிப் பழகிவிட்டு நேராகப் போ என்று ஒரு கட்சி இருக்கிறது. போட்டி உயரத்தைவிட வீட்டில் கொஞ்சம் கூடத் தாண்ட வேண்டும் என்பது நல்ல பாடம்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தோப்பில் தாண்டும் 1.05-க்கு வெளியே என்ன மதிப்பு? ராசு அந்த மைதானத்தில் ஒவ்வொரு கட்டையையும் முகர்ந்து பார்த்திருக்கிறான். உச்சிப்புளி ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்திலிருந்து கிளம்பும் ஹெலிகாப்டர் தலைக்கு மேலே போனாலும் புல் மெல்வதை நிறுத்தமாட்டான். அதே ராசு, வெளியூர்ப் போட்டியில் தடைக்குக் கீழே வரிசையாக வைத்த பிளாஸ்டிக் பூந்தொட்டியைப் பார்த்து ஒரு முழம் பின்னால் போனான். ஆகவே வீட்டில் நான் உயரத்தை ஏற்றுவதை விட்டுவிட்டு அலங்காரத்தை ஏற்றத் தொடங்கியிருக்கிறேன். நீலத் தார்ப்பாயை மடித்துப் போடுவது, பழைய திருவிழாத் தட்டி, மஞ்சள் பெயின்ட் அடித்த டின், போன மாதம் ஒரு கிழிந்த மீன்வலை. அதோடு, வாரத்தில் ஒரு நாளுக்கு மேல் தாண்ட விடுவதில்லை. எவ்வளவு இறுக்கினாலும் எங்களுடையது மணல்தான், அதில் ஒவ்வொரு தாவலுக்கும் தசைநாண் கூலி கொடுக்கிறது. ஆக்ஸரின் பின்கட்டையை மட்டும், கால் பட்ட உடனே விழும்படி தட்டையான தாங்கியில் வைத்திருக்கிறோம். இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

கடைசி வழியை நானாக யோசிக்கவில்லை. தோப்பில் ராசுவைப் பார்த்துக்கொள்பவர் ஒரு காலத்தில் பந்தய மாட்டுவண்டி ஓட்டிய சாரதி. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கத்துப் பந்தயத்தில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் உண்டு. மாட்டின் வளர்த்தியைப் பார்த்துப் பிரிவு தானாக அமையும், யாரும் படிவத்தை வைத்துக்கொண்டு தூக்கம் கெடுவதில்லை. என் புலம்பலை ஒரு மாதம் கேட்டுவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் கொள்ளு வேகவைத்துக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்:

"தம்பி, புது மாட்டையும் புது மாட்டையும் ஒரே நுகத்தடியில பூட்டுவாகளா?"

"பூட்ட மாட்டாங்கண்ணே. பழகுன மாடு ஒண்ணு வேணும்."

"அப்ப அந்தப் போட்டியில பழகுன மாடு எது, நீங்களா ராசுவா?"

ரெண்டு பேரும் இல்லை என்று எனக்குப் பதில் தெரியும், சொல்லத்தான் வாய் வரவில்லை. இத்தனை நாள் "நாங்கள் ஏறலாமா" என்றே யோசித்திருக்கிறேன். அதில் இரண்டு கேள்வி இருந்திருக்கிறது. ராசு ஏறலாமா என்பது ஒன்று, நான் ஏறலாமா என்பது இன்னொன்று.

தனித்தனியாகப் பிரித்ததும் வழியும் தனித்தனியாகத் தெரிந்தது. சென்னையில் எனக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளரிடம் 1.10 வரை பல வருஷம் தாண்டிய கிழட்டுக் குதிரை ஒன்று இருக்கிறது. ராத்திரி ரயிலில் போய் சனி, ஞாயிறு அதில் 1 மீட்டர் கோர்ஸ் போகலாம். அந்தக் குதிரைக்கு எட்டு தெரியும், காம்பினேஷன் தெரியும், என் தப்பும் தெரியும். நான் புதியவனாக இருந்தாலும் பாதகமில்லை. அதே மாதிரி, ராசுவை முதல் தடவை போட்டியில் 1 மீட்டருக்கு அந்தப் பயிற்சியாளரே ஓட்டிப் பார்க்கலாம். அப்போது ராசு மட்டும்தான் புதுசு. இதில் உள்ள குறை, இரண்டுக்குமே தனிச் செலவு. தவிர, மற்றவர் ஓட்டத் தன் குதிரை கிளியர் வருவதைக் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பதற்கு ஒரு தனி மனசு வேண்டும். எனக்கு அது இன்னும் வரவில்லை, வளர்த்துக்கொள்ள வேண்டும்.

ஏறத் தயாரா என்பதைப் பார்க்க நான் இப்போது வைத்திருக்கும் அளவுகோல் நல்ல ரவுண்டு அல்ல, மோசமான ரவுண்டு. போன மூன்று போட்டிகளின் வீடியோவையும் உட்கார்ந்து பார்த்தேன். கிளியர் வந்ததை ஒரு தடவை பார்த்தேன், பன்னிரண்டு தண்டப் புள்ளி வாங்கியதைப் பத்துத் தடவை பார்த்தேன். மூன்று கட்டை விழுந்திருக்கிறது. முதல் கட்டை விழுந்த சத்தம் கேட்டதும் நான் திரும்பிப் பார்க்கிறேன். அடுத்த தடைக்கு முன் என் கை இறுகுகிறது, எட்டு சுருங்குகிறது, அதனால் அடுத்ததும் விழுகிறது. ராசு ஒன்றும் செய்யவில்லை. ஒரு தப்பு நடந்ததற்குப் பிறகு அடுத்த தடையை ஒழுங்காகத் தாண்டும் ஆள் என்றால் 90-ல் மூன்று கட்டை விழுந்திருந்தாலும் ஏறலாம் என்பேன். ஒரு கட்டை விழுந்ததும் மீதிக் கோர்ஸையே கோட்டைவிடும் ஆள் என்றால், மூன்று கிளியர் வந்திருந்தாலும் அது அதிர்ஷ்டம் கொடுத்தது. நான் இரண்டாவது ஆள். அக்டோபருக்குள் அது மாறலாம், மாறாமலும் போகலாம்.

இன்னொன்றும் உண்டு, இது பலருக்குத் தோன்றுவதே இல்லை: ஏறினால் இறங்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. 1 மீட்டரில் ஒன்று சரியில்லையென்றால் அடுத்த போட்டியில் 90-க்குப் பெயர் கொடுப்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? ஊரில் நாலு பேர் கேட்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் எங்கள் ஊரில் அந்த நாலு பேருக்கும் 90-க்கும் 100-க்கும் வித்தியாசம் தெரியாது. இந்த விஷயத்தில் சென்னைக்காரர்களைவிட நான் கொடுத்து வைத்தவன்.

ஆகவே டிசம்பர் போட்டிக்கு ராசுவும் நானும் இரண்டு நாளும் 90. அக்டோபரில் இரண்டு சனி, ஞாயிறு சென்னைக் கிழட்டுக் குதிரையில் 1 மீட்டர். அந்த நாலு நாளில் ஒரு கட்டையாவது விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன், விழுந்த பிறகு என் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். அது சரியாக வந்தால் பிப்ரவரியில் ராசுவைப் பயிற்சியாளர் 1 மீட்டரில் ஓட்டுவார், அதற்கடுத்த போட்டியில் நான். வயது குறைந்தவர்களும், வீட்டுக்குப் பக்கத்திலேயே போட்டி நடக்கும் ஊர்க்காரர்களும் இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டியதில்லை. பழகிய குதிரை கையில் இருந்தால் அடுத்த மாதமே ஏறிப் பார்க்கலாம்.

படிவத்தை நேற்று அனுப்பிவிட்டேன். அடுத்த வேலை கருப்பட்டி வாங்குவது. உப்புக் கலந்த எங்கள் ஊர்த் தண்ணீரைக் குடித்துப் பழகிய ராசு, வெளியூரில் நல்ல தண்ணீரை வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறான். இப்போதிருந்தே வாளியில் கொஞ்சம் சாயல்குடிக் கருப்பட்டி கரைத்துக் கொடுத்துப் பழக்கினால், பெங்களூரிலும் அதே வாசனைக்குக் குடித்துவிடுவான் என்கிறார் அண்ணன். ஐந்து கிலோ போதுமா என்று கேட்டேன். "ரெண்டு கிலோ அவனுக்கு, மூணு கிலோ வீட்டுக்கு" என்றார்.